முந்நூறு கோழிகளுக்கு உள்ளங்கைத் தண்ணீர்

நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடுதாசி, மளிகைச் சீட்டு, ரேஷன் கார்டு மனு, இவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் என்னைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல் தப்பாக விழுந்திருந்தால் சரியான சொல்லை நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை. அன்றைக்கு அங்கே இருந்த பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அப்போது எனக்கு இருபது வயது. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. மரக்காணம் உப்பளத்தில் அண்ணியோடு சேர்ந்து உப்புக் கூடை சுமந்துகொண்டிருந்தேன். இருட்டோடு பாத்தியில் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் கரையேறிவிட வேண்டும். காலெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் உப்பு. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊருக்குக் கூண்டுக் கோழி வந்தது.

வந்தது என்றால் சும்மா வரவில்லை. லாரியில் வந்தது! முதல் லாரியில் கம்பிக் கூண்டுகள். வெள்ளி மாதிரி மின்னின. இரண்டாவது லாரியில் கோழிகள். அத்தனையும் வெள்ளை. ஒரு புள்ளி கறுப்பு இல்லை. உப்பு அம்பாரத்துக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. எக்கியார்குப்பத்திலிருந்தும் அனுமந்தையிலிருந்தும் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

பண்ணை வைத்தவர் திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எங்கேயோ போய்ப் பத்து நாள் கோழி வளர்ப்புப் படித்துவிட்டு, நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஊரில் அவருக்குக் கோழி சார் என்றே பெயர் ஆகிவிட்டது. உப்பளத்தை ஒட்டிய மணல் மேட்டில் நீளமாக ஓலைக் கொட்டகை போட்டு, நெஞ்சு உயரத்தில் கூண்டுகளை இரண்டு வரிசையாகத் தொங்கவிட்டார். வேலைக்கு ஒரு பெண் வேண்டும் என்று உப்பளத்துக்கே வந்து கேட்டார்.

அண்ணி என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

"இந்தப் பொண்ணு பேசுமா?" என்று சார் கேட்டார். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேசும் சார். வருசத்துக்கு ரெண்டு தடவ பேசும். ஊமைக்கோட்டான்னுதான் நாங்க கூப்புடுவோம்."

"அப்படின்னா இவதான் சரி. கோழிகிட்ட சத்தம் போடற ஆளு ஆவாதும்மா. ஒரு கத்து கத்துனா மூணு நாளைக்கு முட்டை வராது. நோட்டுலயே போட்டிருக்குது."

என் வாழ்க்கையில் என் கூச்சத்தைப் பார்த்து ஒருவர் எனக்கு வேலை கொடுத்தது அந்த ஒரு தடவைதான்!

காலில் உப்புத் தண்ணீர் இல்லை. தலையில் கூடை இல்லை. நிழல். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தீனித் தகரத்தில் தீனி போட வேண்டும். கூண்டுகளுக்கு முன்னால் வரிசை நெடுக ஓடுகிற தகர வாய்க்காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தினமும் இருநூறுக்குக் குறையாமல் முட்டை பொறுக்க வேண்டும். அந்த முட்டை இருக்கிறதே, அதுதான் பெரிய அதிசயம். கூண்டின் தரை லேசான சரிவு. கோழி முட்டையிட்டதும் அது தானாக உருண்டு முன்னால் வந்து கம்பியில் முட்டி நிற்கும். முதல் நாள் ஒவ்வொரு முட்டை உருண்டு வரும்போதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். 

அண்ணி ஒரு நாள் பார்க்க வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோழி போடுது, கம்பி கொண்டாந்து குடுக்குது. உனக்கு இன்னாடி வேலை? மகாராணி!"

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் என் கண்ணை உறுத்தின. ஒரு கூண்டு அறைக்கு மூன்று கோழி. மூன்றும் ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான் இடம் கொள்ளும். ஒன்று திரும்ப நினைத்தால் மற்ற இரண்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். சிறகை விரிக்க முடியாது. காலுக்குக் கீழே கம்பி. மண்ணைக் கிளற வழியில்லாததால் நகம் வளர்ந்து கம்பியைச் சுற்றி வளைந்திருந்தது. மேல் அலகு பாதி இல்லை.

"சூடான தகட்டுல வெச்சு எடுத்துடுவாங்க. இல்லன்னா ஒண்ண ஒண்ணு கொத்திக்கும்," என்றார் சார்.

எங்கள் வீட்டுக் கோழிகளும் கொத்திக்கொள்ளும். ஆனால் கொத்து வாங்கிய கோழி ஓடிப்போய்விடும். இங்கே எங்கே ஓடும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

முக்கியமாக ஒரு கோழியைச் சொல்ல வேண்டும். வடக்கு வரிசையில் கடைசிக் கூண்டில் இருந்தது. தினமும் மத்தியானம் அது கம்பியின்மேல் ஒருக்களித்துப் படுத்து, கால்களைப் பின்னால் உதைத்து, சிறகைக் குலுக்கும். மற்ற இரண்டையும் இடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யும். முதலில் வலிப்பு என்று நினைத்துப் பயந்தேன். அப்புறம்தான் புரிந்தது. எங்கள் வீட்டுக் கோழி சாம்பல் குவியலில் செய்கிறதே, அதேதான்! அது மண்ணில் குளிக்கிறது. மண்தான் இல்லை. பிறந்ததிலிருந்து மண்ணைப் பார்க்காத கோழிக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அதன்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

ஒரு வாரம் திண்டிவனத்திலிருந்து தீவன லாரி வரவில்லை. சார் பதறவில்லை, உற்சாகமாகிவிட்டார். நோட்டைப் புரட்டினார். மக்காச்சோளம், தவிடு, கடலைப் பிண்ணாக்கு, உலர்ந்த மீன் என்று ஒரு கணக்கு அதில் இருந்தது. "மீனுக்கு நமக்கா பஞ்சம்!" என்று எக்கியார்குப்பத்துக் கருவாட்டுக்கார அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அக்காவிடம், "நல்ல சரக்கா வேணும்மா. கோழிக்குத்தானேன்னு மட்டமா குடுத்துடாத," என்று நான் பார்க்கவே சொன்னார்.

"என் கை சரக்கு மட்டமா? நாக்குல வெச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க சார்," என்று அந்த அக்கா மூக்கை விடைத்துக்கொண்டு போனாள்.

பொடி மீன் கருவாடு மூட்டையாக வந்தது. இடித்துத் தூளாக்கிக் கலந்தோம். கோழிகள் ஆசையாகத் தின்றன.

முதல் நாள் வாய்க்காலில் தண்ணீர் நிற்கவே இல்லை. ஊற்ற ஊற்றக் குடித்தன. "நல்லா குடிக்குது பாரு! நல்லா குடிச்சா நல்லா முட்டை போடும்," என்று சார் கையைத் தேய்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் கூண்டுக்குக் கீழே எச்சமெல்லாம் தண்ணீராக ஓடியது. ஈ மொய்த்தது. சார் முகம் சுருங்கியது.

"கழிச்சல். தண்ணி அதிகமா போயிடுச்சு. நாளைலேர்ந்து காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நடுவுல ஒரு சொட்டு ஊத்தாதம்மா. நான் பாண்டிச்சேரி போயி மருந்து வாங்கிட்டு வந்துடறேன்."

நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அவர் போய்விட்டார். நான் சொன்னபடி ஒரு தடவை தண்ணீர் ஊற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் வாய்க்கால் காய்ந்தது.

எட்டு மணிக்குக் கொட்டகையில் சத்தம் குறைந்தது. ஒன்பது மணிக்கு நின்றே போனது. முந்நூறு கோழி இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை என்றால் எப்படி இருக்கும்! அலகைப் பிளந்து, கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி நின்றன. எனக்குத் தொண்டை வறண்டது. நான் குடிக்கக் கொண்டுவந்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

வடக்கு வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் என்னோடு திரும்பின.

நான் நின்றேன். தலைகளும் நின்றன. சொம்பை இடது கைக்கு மாற்றினேன். தலைகள் இடது பக்கம் போயின. அவை என்னைப் பார்க்கவில்லை, சொம்பைப் பார்த்தன. கடைசிக் கூண்டுக்குப் போனேன். என் கோழி மற்ற இரண்டின் காலுக்கடியில் படுத்திருந்தது. கையை உள்ளே விட்டுத் தூக்கிவிடும்போது தீனித் தூள் விரலெல்லாம் ஒட்டியது. முகத்து வேர்வையைத் துடைத்தேன். உதட்டில் பட்டது.

உப்பு!

வேர்வை உப்பு இல்லை. உப்பளத்துக்காரிக்கு அது தெரியாதா? ஆறு வருஷம் பாத்தியில் நின்ற நாக்கு என்னுடையது. தீனியை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். துப்பினேன். கருவாட்டு மூட்டையை அவிழ்த்தேன். ஒவ்வொரு பொடி மீன்மேலும் உப்பு பூத்து நின்றது.

சரியாக அந்த நேரத்தில் கருவாட்டுக்கார அக்கா அடுத்த கூடையோடு மேட்டில் ஏறி வந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்று, "அக்கா, உப்பு எவ்ளோ போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவளுக்கு முகமெல்லாம் பெருமை. "பாத்தியா? நீயாவது கண்டுபுடிச்சியே! எப்பவும் போடறதுக்கு ரெண்டு பங்கு போட்டிருக்கறேன். அம்பாரத்தடியில மண்ணு கலந்து கெடக்கற உப்பு கூட இல்ல, நல்ல வெள்ளை உப்பு. சாரு நல்ல சரக்கு வேணும்னு கேட்டாரே. ஆறு மாசம் ஆனாலும் ஒரு புழு வராது!"

"கோழிங்க சாவுதுக்கா."

"ஆங்?"

"உப்பு. தண்ணி இல்ல. சாவுது."

அவள் கூடையை இறக்காமலே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் கூடை தானாக இறங்கியது. "ஐயோ, உப்பு இல்லாம எவளாவது கருவாடு போடுவாளா? கோழிக்கு ஆவாதுன்னு அந்த நோட்டுல எழுதலையா?"

எழுதவில்லை. உலர்ந்த மீன் என்றுதான் எழுதியிருந்தது. எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, மீனை வெறும் மணலில் காயப்போடுகிறவர்களாக இருக்கும். எங்கள் பக்கம் உப்பு படாமல் மீன் காய்ந்ததே கிடையாது. அந்த அக்கா மீன்மேல் வஞ்சனையில்லாமல் போட்டாள். சார் வஞ்சனையில்லாமல் கலந்தார். நான் வஞ்சனையில்லாமல் வாரிப் போட்டேன். வெளியே திரிகிற கோழியாக இருந்தால் ஒரு கொத்து கொத்திவிட்டு வேறு பக்கம் போயிருக்கும், குட்டையைத் தேடிப் போயிருக்கும். இவை எங்கே போகும்? போட்டதைத் தின்ன வேண்டும், ஊற்றினால் குடிக்க வேண்டும்.

கொட்டகைக் கைப்பம்பை நாலு அடி அடித்தேன். அந்தத் தண்ணீரும் லேசாகக் கரிக்கும். உப்புக்கு மேல் உப்பா? நல்ல தண்ணீர்க் கிணறு பனந்தோப்பில் இருந்தது, கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூட. உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து கால் கழுவ அங்கேதான் வருவார்கள். மணி பத்தரை. அங்கேதான் இருப்பார்கள்!

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கருவாட்டுக்கார அக்காவும் பின்னால் ஓடி வந்தாள். மேட்டின் விளிம்பிலிருந்தே கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. கிணற்றடியில் இருந்த பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஒருத்தி வாளிக் கயிற்றை விட்டுவிட்டாள்.

"அடியே, இவளுக்கு வாய் இருக்குதுடி!" என்றாள் அண்ணி.

"அண்ணி, தண்ணி! கோழிக்கு! குடத்த எடுத்துட்டு வாங்க எல்லாரும்!"

"கோழிக்கா இவ்ளோ கத்து கத்துன? நான் உங்க அண்ணனுக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்." சொல்லிக்கொண்டே அண்ணி குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டாள். அவள் நடந்ததும் மற்றவர்களும் நடந்தார்கள்.

கொட்டகைக்கு வந்ததும் முதல் குடத்தை வாய்க்காலில் ஊற்றப் போனேன். அண்ணி கையைப் பிடித்தாள். "லூசா நீ? மொத்தமா ஊத்துவியா?"

அவள் சொன்னது சரி. உப்பளத்தில் தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வெயிலில் வறண்டு வருகிறவளுக்குக் குடத்தைக் கொடுக்க மாட்டோம். முதலில் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வோம். அப்புறம் ஒரு உள்ளங்கை. உட்கார வைப்போம். மூச்சு அடங்கியதும் இன்னொரு உள்ளங்கை. ஒரு தடவை புதிதாக வந்த ஒருத்தர் அரைக்குடத்தை மடக்கென்று குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே சுருண்டதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

வாய்க்காலில் ஊற்றினால் உள்ளங்கைக் கணக்கு நடக்காது. முன்னால் இருக்கிற பலசாலி வயிறு முட்டக் குடிக்கும். பின்னால் மிதிபட்டுக் கிடப்பதற்குச் சொட்டுக்கூட வராது. ஒன்றொன்றாக வெளியே எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். குடித்த கோழியைத் திரும்ப உள்ளே விட்டால் அங்கே அதே உப்புத் தீனி இருக்கிறது. அப்படியானால் வெளியேதான் விட வேண்டும். சாரைக் கேட்கவில்லை. கேட்க சாரும் இல்லை. வேலை போனால் போகட்டும் என்று முதல் கூண்டின் கொக்கியைத் திறந்தேன்.

என்ன ஒரு வேலை அது! நானும் இரண்டு பேரும் கூண்டிலிருந்து எடுத்து நீட்ட, மற்றவர்கள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் கோழியை வைத்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி அலகை அதில் தொட்டுவிட்டார்கள். அலகு பட்டதும் கோழி ஒரு கணம் திகைக்கும். அப்புறம் தலையைத் தூக்கி விழுங்கும். "குடிச்சிடுச்சு!" என்று ஒருத்தி கூவுவாள். "என்னுதும் குடிச்சிடுச்சு!" என்று இன்னொருத்தி. கிணற்றுக்கும் மேட்டுக்கும் குடங்கள் ஓடின. ஓடியவர்களில் கருவாட்டுக்கார அக்காதான் முதல். ஒவ்வொரு தடவையும் கோழிகளிடம், "தெரியாம போட்டுட்டேன்டி அம்மா, குடி, குடி," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"உன் கை சரக்கு நல்ல சரக்குதான்க்கா. முந்நூறு பேரையும் ஒரே நாள்ல படுக்க வெச்சிடுச்சு பாரு," என்று அண்ணி கிண்டலடித்தாள்.

"போடி இவளே. நீ வாரிக் குடுத்த உப்புதான்டி அது."

அழுதுகொண்டே சிரித்தார்கள். பதினொரு கோழிகள் கூண்டிலேயே செத்திருந்தன. அவற்றைச் சாக்கில் மூடி ஓரமாக வைத்தோம்.

கடைசிக் கூண்டுக்கு நான் மட்டும் போனேன். என் கோழி கண்ணை மூடியிருந்தது. தூக்கினால் காற்று மாதிரி இருந்தது. ஒரு உள்ளங்கை கொடுத்தேன். பாதி வழிந்தது. நிழலில் மணலில் விட்டேன். இன்னொரு உள்ளங்கை கொடுக்கத் திரும்பி வந்தபோது கண் திறந்திருந்தது. மூன்றாவது தடவை அதுவே என் கையைத் தேடியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன்! அன்றைக்கு அது இரண்டாவது தடவை. அண்ணி, "இந்த வருசத்துக்கு முடிஞ்சிடுச்சு," என்றாள்.

இதற்குள் வெளியே விட்ட கோழிகள் என்ன செய்கின்றன என்று அப்போதுதான் பார்த்தோம். எதற்கும் நடக்கத் தெரியவில்லை. மணலில் ஒரு காலை வைத்து, பயந்து தூக்கி, அடுத்த காலை வைத்து, அதையும் தூக்கி நின்றன. வளைந்த நகம் தடுக்கி ஒன்று முகம் குப்புற விழுந்தது. "புது மெட்டி போட்ட பொண்ணு நடக்கற மாதிரி நடக்குது பாரு," என்று ஒரு பெண் சொல்ல எல்லோரும் சிரித்தோம். அப்புறம் ஒன்று சிறகை விரித்தது. முழுசாக. விரித்துவிட்டு, அது தன்னுடையதுதானா என்று பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பக்கத்தில் ஒன்று விரித்தது. அப்புறம் ஏழெட்டு. வெட்டுப்பட்ட அலகால் புல் விதையைப் பொறுக்க முயன்று, முடியாமல், மறுபடியும் முயன்றன. காலால் மண்ணைக் கிளறின.

என் கோழி எழுந்தது. நாலடி தள்ளாடி நடந்தது. மணல் சூடாக, உதிரியாக இருந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்தது. காலைப் பின்னால் உதைத்தது. மணல் எழும்பியது! முதுகில் விழுந்தது! அது சட்டென்று நிறுத்தியது. திரும்பிப் பார்த்தது. மறுபடியும் உதைத்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. சிறகைக் குலுக்கி, புரண்டு, கழுத்தை மணலில் தேய்த்து, எங்கே கோழி எங்கே மணல் என்று தெரியாதபடி ஒரே புழுதி. நான் பக்கத்தில் மண்டியிட்டுக் கைதட்டினேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஒன்றரை மணி பஸ்ஸில் சார் வந்தார். மருந்து பாட்டில் கக்கத்தில் இருந்தது. தூரத்திலிருந்தே, "எவன்டா மேட்டுல உப்பைக் கொட்டி வெச்சது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கிட்ட வந்ததும் அந்த உப்பு நடந்தது. அவர் நின்றுவிட்டார்.

"யார் தொறந்தது? யாரக் கேட்டுத் தொறந்தீங்க? நரி இருக்குது, நாய் இருக்குது, பருந்து இருக்குது! முந்நூறு கோழிய எப்படி..." குரல் கிறீச்சிட்டது. பெண்கள் எல்லோரும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். அண்ணி பேச வாயெடுத்தாள். ஏனோ நிறுத்திக்கொண்டாள்.

தீனித் தகரத்திலிருந்து ஒரு கை அள்ளி அவர் முன்னால் நீட்டினேன். "சார், வாயில போட்டுப் பாருங்க."

"இன்னா?"

"போட்டுப் பாருங்க சார்."

போட்டார். மென்றார். முகம் மாறியது. துப்பினார். கைப்பம்புக்கு ஓடினார். அந்தத் தண்ணீரும் கரிக்க, திரும்பி வந்து அண்ணியின் குடத்துக்குக் கீழே கையேந்தி நின்றார். அண்ணி ஒரு உள்ளங்கைதான் ஊற்றினாள். "மெதுவா சார். மொத்தமா குடிச்சா ஆவாது."

அவர் மணலில் உட்கார்ந்தார். "எத்தன போச்சு?"

"பதினொண்ணு சார்."

"நான்தான் தண்ணிய நிறுத்தச் சொன்னேன்," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். கருவாட்டுக்கார அக்கா மெல்ல, "உப்பு நான்தான் சார்," என்றாள். அப்புறம் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஒரு கோழியைத் தூக்கி மடியில் வைத்து, எங்களைப் பார்த்து அதே மாதிரி உள்ளங்கையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அது குடித்தது. "குடிச்சிடுச்சும்மா!" என்று அவரும் கூவினார். நோட்டு, கத்தக்கூடாது எல்லாம் மறந்துபோச்சு!

சாயங்காலம் வரை அப்படியே போனது. உப்புத் தீனியை வழித்துக் குழியில் போட்டு மூடினோம். சோளமும் தவிடும் மட்டும் நனைத்துப் போட்டோம். பெண்கள் வீட்டுக்குப் போன பிறகும் சார் போகவில்லை. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. கோழிகள் அந்தக் காற்றில் சிறகைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடின. ஓடவும் தெரிந்துவிட்டது! சார் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கு எனக்கு வாய் வந்துவிட்டிருந்தது. அதை விட்டால் மறுபடி எப்போது வருமோ.

"சார், இதுங்க இப்படியே வெளியில இருக்கட்டுமா? சுத்தி வேலி போட்டுக்கலாம். முட்டைய நான் தேடி எடுத்துடுவேன். எங்க போட்டாலும் தேடி எடுத்துடுவேன் சார்."

அவர் கோழிகளைப் பார்த்தார். கொட்டகைக்குள் மின்னிய கூண்டுகளைப் பார்த்தார். என் கோழி, இப்போது மணல் நிறத்தில், அவர் செருப்புக்குப் பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்மா," என்றார்.

பாக்கலாம்! முடியாது என்று சொல்லவில்லையே! பொழுது சாயும்போது கோழிகளை ஓட்டிக் கொட்டகைத் தரையில் விட்டுப் படலைச் சாத்தினோம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் பேசினேன். எங்கே வேலி போடலாம், எந்தப் பக்கம் மணல் உதிரி, எங்கே தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்று ஓயாமல் பேசினேன். அண்ணி காதைப் பொத்திக்கொண்டு, "ஊமைக்கோட்டானே தேவலடி," என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு சாரும் நானும் அண்ணியும் கோழிகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்தோம். எட்டரைக்கு முடிந்தது. கடைசிக் கூண்டை நான்தான் மூடினேன். அன்றைக்கு முட்டை இருபத்திரண்டு.